முதலில் தேற வேண்டியது யார்? சிக்கலில் இருக்கும் பிள்ளையும் பெற்றவர் மன உளைச்சலும்

"பிள்ளை மட்டும் சரியாகிவிட்டால் எங்களுக்கு வேறு குறையில்லை" என்பார்கள் பெற்றோர். "பிள்ளை இருக்கட்டும், நீங்கள் ஒழுங்காகத் தூங்கி எத்தனை நாளாயிற்று?" என்று கேட்பார் மருத்துவர். பிள்ளையின் நடத்தை பெற்றவரை நோகடிக்கிறதா, பெற்றவரின் நிலை பிள்ளையைக் கெடுக்கிறதா என்பது பழைய வழக்கு. இதற்குத் தரப்பட்ட விடைகள் பல. ஒவ்வொரு விடையும் பெற்றவர் தலையில் ஒரு வேலையைச் சுமத்தியது: பிராயச்சித்தம் செய், கண்டித்து வளர், பயிற்சிக்கு வா, மனத்தை அமைதியாக வைத்துக்கொள். அந்த வேலையைச் செய்ய அவருக்கு நேரமும் துணையும் எங்கிருந்து வரும் என்று கேட்ட விடைகள் மிகச் சில.

சிக்கலில் இருக்கும் பிள்ளை என்று இங்கே சொல்வது ஒரே ஒரு நோயை அல்ல. ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத ஆறு வயதுப் பையன், ஆட்டிசம் உள்ள குழந்தை, பள்ளிக்கூடம் என்றாலே அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் எட்டாம் வகுப்புப் பெண், கஞ்சா, போதை மாத்திரை பழகிய பதினாறு வயதுப் பிள்ளை என எல்லோரையும் உறவினர்கள் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவார்கள்: "கையை மீறிப் போயிட்டான்." மருத்துவ நோக்கில் இவை வெவ்வேறானவை, ஒன்றுக்குப் பலித்தது மற்றதற்குப் பலிக்க வேண்டியதில்லை. பெற்றவரின் இரவு மட்டும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை பிள்ளையின் நோயை விட்டுப் பெற்றவரின் உளைச்சலைப் பிடித்துக்கொண்டு போகிறது.

இடமாக எடுத்துக்கொண்டது சென்னையின் மேற்குப் புறநகர். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வேலை வந்தது. வேலைக்குப் பின்னால் குடும்பங்கள் வந்தன. தாத்தா பாட்டி ஊரில், வேலை இங்கே, வீடு ஒரு போர்ஷன் அல்லது குவார்ட்டர்ஸ், நேரம் ஷிஃப்ட்டின் கையில் என்பது இரண்டு மூன்று தலைமுறைகளாக இங்குள்ள குடும்ப அமைப்பு. பிள்ளை வளர்ப்பு பற்றிய கோட்பாடுகள் பெரும்பாலும் இப்படி ஒரு வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

"வளர்ப்பு சரியில்லை"

மிகப் பழைய விடையும் இன்றும் தெருவில் முதலில் காதில் விழும் விடையும் இதுதான். தமிழில் இதற்கு வேர் ஆழம். திருக்குறளின் ஏழாம் அதிகாரமான மக்கட்பேறு, மகன் நடந்துகொள்ளும் விதத்தைத் தந்தை செய்த தவத்தின் அளவாகவே ஊர் படிக்கும் என்று கருதுகிறது. பிள்ளை நன்றாக இருந்தால் இது பெருமை. பிள்ளை தடுமாறினால் அதே கணக்கு தலைகீழாகிப் பெற்றவரின் தவக்குறைவாகிவிடுகிறது. அதிலும் புகழ் அப்பாவுக்கும் பழி அம்மாவுக்கும் போய்ச் சேர்வதுதான் வழக்கம். "எல்லாம் நீ குடுத்த செல்லம்."

இருபதாம் நூற்றாண்டில் இந்த நம்பிக்கைக்கு அறிவியல் சட்டை மாட்டப்பட்டது. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் பதினொரு குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்துக்குப் பெயரிட்டபோது, அது பிறவியிலேயே வருவது என்றார். கூடவே அந்தக் குழந்தைகளின் பெற்றோரில் மனக்கனிவுள்ளவர்கள் குறைவு என்றும் எழுதிவைத்தார். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியைப் பலர் பிடித்துக்கொண்டார்கள். 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், மனச்சிதைவை விளைவிக்கும் தாய் என்று ஒரு வகையையே சொன்னார். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் ஆட்டிசத்துக்குத் தாயின் உள்ளுறைந்த வெறுப்பே காரணம் என்று ஒரு முழு நூல் எழுதினார். அதற்கு மூன்றாண்டு முன்பே, ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று சான்றுகளோடு மறுத்திருந்தார். 1969-இல் கானரே பெற்றோர் சங்கக் கூட்டத்தில் நின்று பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். அந்தக் கால் நூற்றாண்டில் எத்தனை தாய்மார் தங்களையே குற்றவாளியாக எண்ணி வாழ்ந்தார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் ஈடாகாது.

தர்க்க அளவிலும் இந்த நிலைப்பாடு ஆட்டம் கண்டது. 1968-இல் உளவியலாளர் ரிச்சர்ட் பெல் எழுப்பிய கேள்வி எளியது: கடுமையான தாயும் முரட்டுப் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால், தாய்தான் காரணம் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? பிள்ளையின் முரட்டுத்தனம் தாயைக் கடுமையாக்கியிருக்கக் கூடாதா? 1979-இல் ரஸ்ஸல் பார்க்லியும் சார்லஸ் கனிங்ஹமும் இதைச் சோதித்தார்கள். மிகைச்சுறுசுறுப்பு உள்ள சிறுவர்களுக்கு ஒரு கட்டத்தில் மருந்தும் மற்றொரு கட்டத்தில் வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட நாட்களில் பிள்ளை அடங்கியது. தாயின் அதட்டலும் ஏவலும் குறைந்தன. தாய்க்கு யாரும் எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை.

ஆனாலும் இந்த விடையை முழுவதும் தூக்கி எறிந்துவிட முடியாது. பெற்றவர் நடந்துகொள்ளும் விதம் சிக்கலைத் தோற்றுவிக்காவிட்டாலும், அதை வளர்க்கவோ தணிக்கவோ செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. 'நீ காரணமல்ல' என்பதையும் 'நீ மாற்றிக்கொண்டால் உதவும்' என்பதையும் ஒரே மூச்சில் சொல்வது கடினம். ஆலோசனை சொல்பவர்கள் பலரும் இரண்டாவதைச் சொல்லும்போது பெற்றவர் காதில் முதலாவதின் மறுப்பாகவே விழுகிறது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்து இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டு ஓடிவந்த தாய், ஹெச்.எம். அறையில் நின்றபடியே "வீட்ல கொஞ்சம் கவனிங்கம்மா, இல்லைன்னா டி.சி. வாங்கிக்குங்க" என்று கேட்பது அறிவுரை அல்ல, தண்டனை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் எழுதியது இங்கே பொருந்தும்: களங்கம் அதற்கு உரியவரோடு நிற்பதில்லை, பக்கத்தில் நிற்பவர் மேலும் படிகிறது.

தலையெழுத்து, தோஷம், ஆறு வாரம்

இரண்டாவது விடை பழியைக் கோளுக்கும் வினைக்கும் மாற்றுகிறது. படித்தவர்கள் இதை எளிதில் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்குவது சரியில்லை. "எங்க தலையெழுத்து" என்று சொல்லும் தாய் ஒரு விதத்தில் தன்னைத் தானே குத்திக்கொள்வதை நிறுத்துகிறார்.

பூந்தமல்லியைச் சுற்றியிருப்பவர்களுக்குத் திருவேற்காடு கருமாரியம்மனும் மாங்காடு காமாட்சியும் கூப்பிடு தூரம். மாங்காட்டில் வேண்டுதல் வைத்தவர்கள் எலுமிச்சம்பழத்தோடு தொடர்ந்து ஆறு வாரம் ஒரே கிழமையில் வருவது வழக்கம். அந்த ஆறு வாரத்தில் நடப்பதைக் கவனித்தால், வாரம் ஒருமுறை வீட்டை விட்டு வெளியே வருவதற்கு யாரும் குறை சொல்ல முடியாத காரணம் கிடைக்கிறது. வரிசையில் தன்னைப்போல் கவலையோடு நிற்பவர்கள் அருகில் இருக்கிறார்கள். முடிவுத் தேதி உள்ள ஒரு முயற்சி கையில் இருக்கிறது. உளவியல் நூல்கள் மிகுந்த செலவில் உருவாக்க நினைப்பவற்றில் சில இவை.

வழிபாட்டிடங்கள் பற்றி நடந்த ஆய்வுகளில் கவனத்துக்குரியது, பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் உடன் பணியாற்றியவர்களும் 2002-இல் வெளியிட்டது. தமிழகத்தின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைக் கவனித்தார்கள். சராசரியாக ஐந்து வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. தனிச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. ஆதரவான, அச்சுறுத்தாத இடத்தில் தங்கியதே உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எண்ணிக்கை சிறியது, ஒப்பிட வேறு குழு இல்லை என்பதால் இதைக் கொண்டு பெரிய முடிவுக்கு வர முடியாது.

மறுபக்கமும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் தர்காவை ஒட்டிய தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டவர்கள் எல்லோரும் ஈரமற்றவர்கள் என்று சொல்ல முடியாது. வேறு இடம் தெரியாதவர்கள், அல்லது இருந்த இடம் எட்டாதவர்கள் அதில் இருந்திருப்பார்கள். விதி என்ற விடையின் ஆபத்து இதுதான்: ஆறுதல் கொடுக்கிறது, கூடவே சிகிச்சைக்கான காலத்தையும் தின்றுவிடுகிறது.

அடியும் பயிற்சியும்

மூன்றாவது விடை கண்டிப்பு. அடியாத மாடு படியாது என்ற பழமொழிக்குச் சட்டம் பள்ளியில் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வீட்டு வாசற்படிக்கு உள்ளே அது வருவதில்லை. கொடுமை என்ற அளவுக்குப் போனால்தான் சிறார் நீதிச் சட்டம் தலையிடும்.

அடி ஏன் விடாமல் தொடர்கிறது என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகனில் பல ஆண்டுகள் வீடுவீடாகப் போய்க் கவனித்த உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் 1982-இல் எழுதிய நூலில் நல்ல விளக்கம் இருக்கிறது. அதை அம்பத்தூர் வீடு ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு அம்மா வந்து, துணி ஊறவைத்து, அரிசி களைந்துகொண்டிருக்கிறார். பையன் பள்ளி விட்டு வந்ததும் போனைத் தேடுகிறான். "ஹோம்வொர்க் முடிச்சிட்டு எடு." காதில் விழாதது போல் இருக்கிறான். இரண்டாம் முறை குரல் உயர்கிறது. பையைச் சுவரில் எறிகிறான். பக்கத்து போர்ஷன் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. "குடுத்துத் தொலையேன், தெருவே பாக்குது" என்கிறார் மாமியார். போன் கைமாறுகிறது, வீடு அடங்குகிறது. எறிந்தால் கிடைக்கும் என்று பையன் கற்றுக்கொண்டான். கொடுத்தால் நிம்மதி என்று அம்மா கற்றுக்கொண்டார். மறுநாள் களைப்பு மிஞ்சிக் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தால் உடனே அமைதி. அடித்தால் அடங்குவான் என்பதும் அவருக்குப் பாடமாகிறது. இருவரில் யாரும் கெட்டவர் இல்லை. அந்தந்த நொடியின் நிம்மதி, அடுத்த மாதத்தின் சண்டையைக் கடனாக வாங்கிக் கொடுக்கிறது.

இந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தது பெற்றோர் பயிற்சி. நல்லதைக் கண்டவுடன் சொல், கட்டளையைச் சுருக்கு, சொன்னதைச் செய், சின்னதைக் கண்டுகொள்ளாதே. கேட்க எளிது, செய்வதுதான் பாடு. சிறு குழந்தைகளின் அடங்காமைக்கு உளவியலில் கைவசமுள்ள முறைகளில் இதற்குத்தான் சான்று வலுவானது. பயின்ற பெற்றோரின் உளைச்சலும் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதன் பலவீனம் எங்கே என்பதும் தெரிந்ததே. வயது ஏற ஏறப் பலன் தேய்கிறது. வாரா வாரம் வர முடியாதவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். தேவை அதிகமுள்ள வீட்டார்தான் அப்படி நிற்பவர்களில் அதிகம். இன்னொன்று, இந்த முறை வீட்டில் முடிவெடுப்பவர் தாயோ தந்தையோ என்று நினைக்கிறது. மேலே சொன்ன வீட்டில் போன் யார் கைக்குப் போகும் என்பதை முடிவு செய்தவர் மாமியார். அவரை எந்தப் பயிற்சி நூலும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு என்று இஸ்ரேலிய உளவியலாளர் ஹைம் ஓமர் முன்வைத்த வழி, இந்திய வாசகருக்குத் தனி ஆர்வம் தரும். பெற்றோர் கத்தவும் கூடாது, பணியவும் கூடாது. உறவினரையும் நண்பரையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டு, பிள்ளையின் அறையில் அமைதியாகப் போய் உட்கார்ந்து, இதை இனி ஏற்க மாட்டோம் என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும். காந்தியின் அகிம்சைப் போராட்டமே இதற்கு முன்மாதிரி என்று ஓமர் சொல்கிறார். காந்தியின் மூத்த மகன் ஹரிலால் குடியிலும் மனக்கசப்பிலும் தந்தையைப் பிரிந்து அலைந்து, தந்தை கொல்லப்பட்ட சில மாதங்களில், 1948 ஜூனில் பம்பாயில் இறந்தார் என்பதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த வேதனை காந்திக்குக் கடைசிவரை இருந்தது. பெரிய மனிதராக இருப்பது பிள்ளை விஷயத்தில் எந்தக் காப்பும் இல்லை. ஓமர் வழியில் பெற்றோரின் கையறு நிலை குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பிள்ளையின் நடத்தை எந்த அளவு மாறுகிறது என்பதில் சான்று இன்னும் மெலிது. சாட்சிக்கு அழைக்க உறவினரே அருகில் இல்லாத குடும்பத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதும் கேள்வி.

ஒப்படைத்துவிடுவது

சட்டம் ஒரு காலத்தில் நான்காவது வழி ஒன்றைத் திறந்து வைத்திருந்தது. இந்தியாவில் சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில், 1920-இல். நாடு முழுமைக்குமாக வந்த 1986-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில், தன்னால் பிள்ளையைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று பெற்றவரே சிறார் நல வாரியத்திடம் முறையிட 17-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 'கட்டுக்கடங்காத சிறார்' என்ற அந்த வகை 2000-க்குப் பிந்தைய சட்டங்களில் இல்லை. இன்றைய 2015 சட்டம், பெற்றவர் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால் அந்தப் பிள்ளையைப் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையாகக் கருதுகிறது. குற்றச்சாட்டு தேவையாக மாறியது நல்ல மாற்றம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சிறாரை மருத்துவமனையில் சேர்த்தால் குடும்பத்தார் அல்லது அவர்கள் சார்பில் ஒருவர் உடன் தங்க வேண்டும் என்கிறது. பிள்ளையைத் தனியே விட்டுவிடக் கூடாது என்ற நோக்கத்தில் குறை காண முடியாது. உடன் தங்கும் தாயின் சம்பளம் என்னவாகும் என்பதற்கு அந்தச் சட்டத்தில் விடை கிடையாது.

"முதலில் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்"

உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் எழுதிய நூலுக்குப் பிறகு, நெருக்கடியை எதிர்கொள்வதை இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுவது வழக்கமாயிற்று. சிக்கலைத் தீர்க்க முயல்வது ஒன்று. சிக்கல் கிளப்பும் உணர்ச்சியைக் கையாள்வது மற்றொன்று. மாற்றக்கூடியதில் முதலாவது உதவும், மாற்ற முடியாததில் இரண்டாவது. ஆட்டிசம் போன்ற ஆயுட்கால நிலையில் பெற்றவருக்குத் தேவைப்படும் தெளிவு இதுதான். அன்றாட வாழ்வில், எது மாறும் எது மாறாது என்பதை யாரும் எழுதித் தருவதில்லை.

தியானம், மூச்சுப் பயிற்சி, மனக்கவனப் பயிற்சி ஆகியவை இந்த வழியில் வந்தவை. இவற்றால் பெற்றோர் சொல்லும் உளைச்சல் அளவு குறைகிறது. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை. இவற்றைவிட அழுத்தமான சான்று வேறு ஓரிடத்தில் இருக்கிறது. 2006-இல் மிர்னா வைஸ்மன் குழுவினர், மனச்சோர்வுக்கு மருந்து எடுத்த தாய்மாரையும் அவர்களது பிள்ளைகளையும் மூன்று மாதம் தொடர்ந்தார்கள். தாய் முழுவதும் தேறிய வீடுகளில் பிள்ளைகளின் மனநலப் பாதிப்பு 11 விழுக்காடு குறைந்தது. தேறாத வீடுகளில் 8 விழுக்காடு கூடியது. பிள்ளைகளுக்கு எந்தச் சிகிச்சையும் இந்த ஆய்வின் பகுதியாகத் தரப்படவில்லை. பார்க்லியின் சோதனையை இதன் பக்கத்தில் வைத்தால், தலைப்பிலுள்ள கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது என்பது தெளிவாகிறது. காற்று இரண்டு பக்கமும் வீசுகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வுகளும், உளைச்சலும் அடங்காமையும் ஒன்றையொன்று மாறி மாறி ஊதிப் பெரிதாக்குகின்றன என்றே காட்டுகின்றன.

இந்த விடையின் குறை, அது பெற்றவரைத் தனி ஆளாகப் பார்ப்பது. தினமும் உங்களுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்ற அறிவுரையை நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு வரும் தந்தையிடமோ, காலை ஐந்து மணிக்கு இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு எக்ஸ்போர்ட் கம்பெனி வண்டிக்கு ஓடும் தாயிடமோ சொன்னால், செய்ய முடியாத இன்னொரு வேலை பட்டியலில் சேர்கிறது. செய்ய முடியாமல் போகும்போது குற்ற உணர்ச்சியும் கூடவே.

கூடாரங்களிலிருந்து வேலூர் வரை

இந்திய மனநல மருத்துவம் உலகுக்குச் சொல்ல வைத்திருப்பது, குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் அடுத்த விடையில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தார் உடன் தங்குவதற்கு மருத்துவமனை மைதானத்தில் கூடாரங்கள் போட்டார். மேற்கில் குடும்பத்தை நோயின் காரணமாகப் பார்த்து விலக்கிக்கொண்டிருந்த அதே காலம் அது. 1957-இல் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் குடும்பத்தோடு தங்கும் முறையிலேயே தொடங்கப்பட்டது. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் போகும் அதே நெடுஞ்சாலையில்தான் வேலூர் இருக்கிறது.

அதே மையத்தில் நடந்த ஒரு பரிசோதனை, 1999-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியானது. அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பத்து வாரம் சொற்பொழிவு. மற்றவர்களுக்கு அதே பத்து வாரம் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசி, தங்கள் பாட்டைச் சொல்லி, ஒருவர் கண்ட வழியை இன்னொருவர் கேட்டறியும் குழு. பேசிப் பழகிய குழுவில்தான் பெற்றோரின் மனப்பாங்கு தெளிவாக மேம்பட்டது. தகவல் இரு பிரிவினருக்கும் கிடைத்தது; சொற்பொழிவு கேட்டவர்களுக்குக் கிடைக்காதது துணை. ஆய்வு சிறியதுதான். ஆனால் குலுக்கல் முறையில், நம் மண்ணில், நம் மக்களிடம் நடந்தது என்பதால் வெளிநாட்டுப் பெரிய ஆய்வுகள் பலவற்றைவிட இதற்கு எடை கொடுக்கத் தோன்றுகிறது.

சென்னையிலும் இதற்கு மரபு உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய மனநல அமைப்பான ஸ்கார்ஃப், அண்ணா நகர் மேற்கு விரிவில், அதாவது அம்பத்தூர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அவர் ஊக்கத்தில் எண்பதுகளின் இறுதியில் மனநோயாளிகளின் குடும்பத்தாரே சேர்ந்து ஆஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, போதை மீட்புச் சிகிச்சையில் குடும்பத்தாருக்கும் தனிப் பாடம் வைத்தது. "எங்களுக்குப் பிறகு யார்?" என்ற பெற்றோரின் கேள்வி 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டமாகவே உருவெடுத்தது. நிபுணர்கள் பற்றாக்குறைக்கும் ஒரு வழி தெரிகிறது: கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் வெளியான பரிசோதனையில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்களே வீட்டுக்குப் போய் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், பெற்றோர் பிள்ளையோடு ஊடாடும் விதம் மேம்பட்டது.

குழு முறைக்கும் குறைகள் உண்டு. வருபவர்களில் பெரும்பாலோர் தாய்மார். தந்தை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வெளியே நிற்பார். ஒரே எஸ்டேட், ஒரே குவார்ட்டர்ஸ் என்று வாழும் இடத்தில், குழுவில் சொன்னது நாளை குழாயடிக்கு வந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆட்டிசத்துக்கும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் பெற்றோர் சங்கங்கள் இருக்கின்றன. திருடும் பிள்ளை, அம்மாவை அடிக்கும் பிள்ளை, போதைக்காக வீட்டு நகையை எடுத்த பிள்ளை ஆகியோரின் பெற்றோர் சங்கம் வைப்பது அரிது. இரக்கத்துக்கு உரியவர், பழிக்கு உரியவர் என்று ஊர் பிரித்து வைத்திருக்கும் கோடு பெற்றோரையும் பிரித்துவிடுகிறது.

புறநகரின் கணக்கு

2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக மதிப்பிட்டது. பெருநகரங்களில் அது 13.5 விழுக்காடு. இத்தனை வீடுகளுக்கு உதவி எந்த வழியில் எட்டுகிறது என்று பார்த்தால் புறநகரின் சிக்கல் புரியும்.

2018-இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் நிற்கின்றன. ஆவடியில் இருக்கும் குடும்பம் நல்ல சிகிச்சைக்குக் கிழக்கே கீழ்ப்பாக்கத்துக்கும் எழும்பூருக்கும் பார்க்கிறது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் மேற்கே திருவள்ளூர் ரயிலைப் பிடிக்கிறது. அரசு மருத்துவமனை ஓ.பி. காலை நேரத்தில். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டும் அதே நேரம்தான். ஒரு நாள் சீட்டு வாங்கக் காத்திருந்தால் ஒரு நாள் லாஸ் ஆஃப் பே.

அந்தச் சான்றிதழும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு; மிகைச்சுறுசுறுப்பும் நடத்தைக் கோளாறும் அந்தப் பெயரில் இல்லை. ஓயாமல் ஓடும் பிள்ளையைப் பெற்றவருக்கு உளைச்சல் உண்டு, சான்றிதழ் இல்லை.

விடுப்பில் உள்ள ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மையானது. மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்ணுக்கு 2008 முதல் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் 18 வயது வரம்பும் இல்லை. ஆவடியின் பாதுகாப்புத் துறை நிறுவனங்களில் அந்த விதிகளின் கீழ் வரும் தாய்மார் இருக்கிறார்கள். அதே தெருவில், தொழிற்பேட்டைக்குப் போகும் தாய்க்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. அதில் பிள்ளைக்கும் மருத்துவம் கிடைக்கும். ஆனால் சம்பள இழப்புக்கான உதவித்தொகை அவருக்கே நோய் வந்தால்தான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலையும் நாளுக்கு இல்லை. வேலையிடத்துக் குழந்தைக் காப்பகம் பற்றிய சட்ட விதி ஆறு வயதோடு நின்றுவிடுகிறது. இரண்டு தாய்மாருக்கும் ஒரே சிக்கல் உள்ள பிள்ளை இருந்தால், உளைச்சல் ஒரே அளவாக இருக்காது. அந்த வித்தியாசத்தில் மனத்திடத்தின் பங்கை மட்டும் அளந்து விடுப்பின் பங்கை அளக்காத ஆய்வு பாதி ஆய்வு.

2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. தமிழில் பேசலாம், கட்டணமில்லை, நைட் ஷிஃப்ட் இடைவேளையிலும் அழைக்கலாம். நேரத்தையும் தூரத்தையும் ஒருசேரத் தாண்டும் ஏற்பாடு என்பதால் புறநகருக்கு இது சிறியதல்ல. தற்கொலை எண்ணம் பெற்றவருக்கு வந்தாலும் பிள்ளைக்கு வந்தாலும் அன்றே அழைக்க வேண்டிய எண் இது.

இன்னும் தீராதவை

பெற்றவரைக் குற்றவாளியாக்கிய கோட்பாடு சான்றின் முன் நிற்கவில்லை. சிறு வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சி உதவுகிறது. தாயின் மனச்சோர்வுக்குத் தனியே சிகிச்சை அளிப்பது பிள்ளைக்கும் பயன்படலாம். தனியே கேட்கும் அறிவுரையைவிடக் குழுவில் பேசுவது மேல் என்று எண்ண இடமிருக்கிறது. இதுவரை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

பதின்வயதுப் போதைக்கும் வன்முறைக்கும் எந்த முறை பெற்றவரைத் தேற்றுகிறது என்பது திறந்தே கிடக்கிறது. வேலூர்க் குழு முறை, ஷிஃப்ட் மாறி மாறி வரும் குடும்பத்துக்கு ஞாயிறு மாலையில், தொழிற்பேட்டைக்கு அருகிலேயே நடத்தப்பட்டால் எத்தனை பேர் பத்து வாரமும் வருவார்கள் என்பது சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம், செலவு அதிகமில்லை. மாமியாரையும் தந்தையையும் சேர்த்து உட்கார வைத்தால் பலன் கூடுமா, தாய் வாயைத் திறக்காமல் போய்விடுவாரா என்பதும் அப்படித்தான். மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுப்பதும் பத்து வாரப் பயிற்சி கொடுப்பதும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளக்கப்பட்டால், எது உளைச்சலை அதிகம் குறைக்கும்? இந்தக் கேள்வியை உளவியலாளர்கள் தொழிலாளர் நலத் துறையிடம் விட்டுவிடுகிறார்கள், அவர்கள் மருத்துவரிடம் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் சத்தம் போடாமல் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளையின் நிலை என்ன என்பதை இதுவரை பார்த்த நிலைப்பாடுகளில் ஒன்றுகூட முன்னால் எடுத்து வைத்துப் பேசவில்லை.